நான் ஊற்றினேன், தீர்த்தகிரி இறைக்கிறான்

அன்பிற்குரிய மாப்பிள்ளை சிவசங்கர் அவர்களுக்கு,

சவ்வாது மலையடிவாரத்திலிருந்து மாமனார் கோபால்சாமி எழுதுவது. இங்கு நான், உங்கள் அத்தை பெரியம்மாள், பசுமாடு எல்லோரும் சுகம். வாழை மட்டும் சுகமில்லை. அங்கு மகள் ஈஸ்வரி, பேத்தி நிவேதா சுகத்துக்கு எழுதவும். போனில் பேசினால் பாதியில் உங்கள் அத்தை பிடுங்கிக்கொள்வாள் என்பதால், அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை, நீங்கள் சொன்னது பலித்துவிட்டது! தீபாவளிக்கு வந்தபோது சொன்னீர்களே, மழைக்காலத்தில் ஏரியெல்லாம் நிரம்பிவிட்டால் உங்கள் ஆலையில் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்து ஆக்கும் நல்ல தண்ணீர் மிஞ்சிப்போகிறது, அதைக் கிணறு வழியாகப் பூமிக்குள் இறக்கி வைத்துக் கோடையில் எடுத்துக்கொள்கிறோம், பூமிதான் மாமா எங்களுக்குத் தொட்டி என்று. எனக்குப் புல்லரித்துப்போனது. நமக்குக் கடல் இல்லாவிட்டால் என்ன, மலையிலிருந்து இறங்கும் ஓடை இருக்கிறதே! நீங்கள் பஸ் ஏறிய மறுநாளே மண்வெட்டியை எடுத்தேன். ஓடையிலிருந்து கால்வாய் வெட்டி, வழியில் ஜல்லியும் மணலும் கொட்டி, வறண்டு கிடந்த நம் கிணற்றுக்குள் தண்ணீரைத் திருப்பினேன். கார்த்திகை முழுக்கக் குடித்தது பாருங்கள் கிணறு, ஊரே வந்து வேடிக்கை பார்த்தது!

பக்கத்து நிலத்துப் பங்காளி தீர்த்தகிரியும் பார்த்தான். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். வரப்புப் புளியமரத்தை யார் உலுக்குவது என்று வந்த சண்டை. அதிலிருந்து அவன் எனக்குச் சொல்வதைத் தன் மாட்டிடம் சொல்வான், நான் அவனுக்குச் சொல்வதை என் மாட்டிடம் சொல்வேன். அன்றைக்கும் மாட்டைத் தட்டிக்கொடுத்து, "பாத்தியாடி, காஞ்ச கெணத்துக்குத் தண்ணி காட்றாங்க, வைக்கோலும் வைப்பாங்களா?" என்றான். நானும் விடவில்லை. "சிரிக்கிறவன் சிரிக்கட்டும்டி, பங்குனியில வந்து பாக்கச் சொல்லு" என்றேன்.

பங்குனி வந்தது. பார்த்தோம். நம் கிணற்றில் ஒரு தவளையும் அது உட்காரக் கொஞ்சம் சேறும். அவன் கிணற்றில் படி மூழ்கத் தண்ணீர்! அவன் நிலம் சரிவில் கீழே இருக்கிறதாம், நான் விட்டதெல்லாம் உள்ளுக்குள்ளேயே நழுவிப்போய் அங்கே உட்கார்ந்துகொண்டதாம். வயிறு எரிகிறது மாப்பிள்ளை! நம் வாழை தார் தள்ளி நிற்கிறது, தண்ணீர் இல்லையென்றால் சித்திரைக்குள் அத்தனையும் ஒடிந்து விழும், வருஷ உழைப்பே போச்சு. அவனோ மாட்டிடம், "வேணும்னா பைப்பு போட்டு இழுத்துக்கட்டும்டி, நமக்கு இன்னா" என்கிறான். எப்படி இழுப்பேன்? அவன் வூட்டுப் பச்சைத் தண்ணீர் எனக்கும் என்னைச் சேர்ந்தவர்களுக்கும் ஆகாது என்று மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவனாச்சே!

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் தண்ணீரைச் சோதிக்கும் ஒரு மிஷினோடு வரவும். அவன் கிணற்றில் இருப்பது என் தண்ணீர்தான் என்று நாலு பேர் முன்னால் நீங்கள் சொல்லிவிட்டால், என் தண்ணீரை நான் எடுப்பதில் சத்தியத்துக்கு என்ன குறை? இன்னொன்று, நீங்கள் பூமிக்குள் விடும் தண்ணீரைப் பக்கத்துக்காரன் இறைக்காமலிருக்க என்ன செய்கிறீர்கள்? பூட்டு ஏதாவது உண்டா? இருந்தால் ஒன்று கொண்டு வரவும்.

கடலும் ஓடையும் போலக் குறைவில்லாமல் குடும்பத்தோடு வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார் கோபால்சாமி

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் தோட்டத்தை ஒரு நடை பார்க்கப் போனேன். வாழையடி ஈரமாக இருந்தது! சருகை விலக்கினால் ஓஸ் பைப்பு. ஒரு முனை தீர்த்தகிரி கிணற்றில், மறுமுனை உங்கள் அத்தை கையில். அந்தப் பக்கம் மோட்டார் போடுவது அவன் பெண்டாட்டி ரத்தினம்மாள். ஒரு வாரமாக நடக்கிறதாம், நான் குடிக்கும் காப்பியும் அந்தத் தண்ணீரில்தானாம். "என் சத்தியம் இன்னாடி ஆவுறது?" என்று கத்தினேன். "சத்தியம் பண்ணது நீ. வாழையா பண்ணிச்சு?" என்றாள். அதற்குள் தீர்த்தகிரி வந்து, மாட்டைப் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்து, "கோபாலு, வர்ற மழைக்கு என் பக்கத்து ஓடையையும் உன் கெணத்துக்கே வெட்டி வுட்றலாமா?" என்றான். மாப்பிள்ளை, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிஷினும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். நல்ல ஓஸ் ஒன்று வாங்கி வரவும், அவனுடையது வழியெல்லாம் ஒழுகுகிறது. மாடுகள் இரண்டும்தான் பேச ஆளில்லாமல் முழிக்கின்றன.