ஸ்டூலில் உட்கார்ந்து வாங்கிய மழைக்கோட்டு

இந்த உலகத்தில் தண்ணீர் புகாத பொருளே கிடையாது என்று நிரூபிக்கப் பிறந்தவர் குமிழி அண்ணன். ஓசூரில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியில், பம்பு பாகங்களில் காற்றை அடைத்துத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. வெளியிலும் அதே புத்திதான். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாராம். நான் நம்புகிறேன்.

நான் கெலமங்கலத்திலிருந்து பைக்கில் வருகிறவன். மழையில் நனைவேன், காய்ச்சலில் படுப்பேன், லீவு போடுவேன். அந்த வருஷம் காண்ட்ராக்ட் ஆட்களில் சிலரை நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு. "இன்னொரு லீவு போட்டா லிஸ்ட்ல உன் பேரு இருக்காது" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"ஏம்பா, காத்து எறங்கின மாதிரி உக்காந்திருக்க? எங்க லீக்கு?" என்றார் அண்ணன், சாப்பாட்டு நேரத்தில். சொன்னேன். "ஞாயித்துக்கெழம பஜாருக்கு வா. கோட்டு நான் பாத்துத் தரேன்."

பஜாருக்கு அவர் பக்கெட்டோடு வந்தார்.

என் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகி, கோட்டை மாட்டி, கடை வாசலில் ஸ்டூலில் உட்காரச் சொன்னார்.

"நின்னு பாத்தா போதாதாண்ணா?"

"நின்னுகிட்டா வண்டி ஓட்டுவ? மடியிலதான்பா தண்ணி தேங்கும். கைய ஹேண்டில் புடிக்கிற மாதிரி நீட்டு."

நாலு பேர் பார்த்தாலே வியர்க்கிறவன் நான். நடு பஜாரில், இல்லாத பைக்கை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"பேடா சார், பேடா!" ஊற்ற வேண்டாம் என்று கன்னடத்தில் கும்பிட்டார் கடைக்காரர்.

"மழைக்கோட்டு நனையக் கூடாதுன்னா எதுக்குய்யா விக்கிற?" தண்ணீர் என் தலையில் இறங்கியது.

விலை கூடின முதல் கோட்டு தையலில் ஒழுகியது. இரண்டாவது ஜிப்பில். ஈரத் தாளை உருவி, கூடிய கூட்டத்துக்குக் காட்டி, "ரிஜெக்ட்!" என்றார். போர்வை மாதிரி தலை வழியாக மாட்டுவதைத் தொடவே விடவில்லை. "காத்துல பறந்து சக்கரத்துல சுத்திக்கும்." மூன்றாவது, முதல் கோட்டில் பாதி விலை. உள்தையல் முழுக்க டேப் ஒட்டி, ஜிப்பை மூட மேலே ஒரு பட்டையும் இருந்தது. உட்கார்ந்தால் மேலே ஏறாதபடி ஒரு சைஸ் பெரிதாக எடுத்தார். மூன்று பக்கெட் ஊற்றியும் தாள் காய்ந்தே இருந்தது.

"பாஸ்!"

வேடிக்கை பார்த்த ஏழு பேர் அதையே வாங்கினார்கள். கடைக்காரர் அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, "அடுத்த ஞாயிறும் வாங்க சார்" என்றார்.

அந்த வாரமே பெரிய மழை. கம்பெனி கேட்டில் அண்ணன் நின்றிருந்தார். என் காலருக்குள் கையை விட்டு முதுகைத் தடவி, விரலைப் பார்த்தார். "காஞ்சிருக்கு. உள்ள போ."

அவர் தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க கோட்டு எங்கண்ணா?"

"டெஸ்ட்டுலயே கிழிஞ்சு போச்சுப்பா."

அந்த மழைக்காலத்தில் நான் ஒரு லீவும் போடவில்லை. லிஸ்டில் பேர் வந்தது. அண்ணன் ரிட்டயர் ஆகி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போய்விட்டார். மழை நாளில் கேட்டில் வண்டியை நிறுத்தினால், இப்போதும் காலரைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.