ஒரு டப்பா பட்டன்

இனிமேல் இந்த வீட்டில் நான் பாத்திரம் தேய்க்கப் போவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முடிவெடுத்தேன். என் முடிவுகளுக்கு வழக்கமாகப் பதினோரு மணிவரைதான் ஆயுள். இந்த முறை அப்படியில்லை. என்னிடம் வித்தை இருந்தது. மூன்று மாதமாக ஆபீஸ் பஸ்ஸில் போக்கர் ஆட்டம் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தேன்.

"சீட்டாடலாமா? தோத்தவங்க ஒரு மாசம் பாத்திரம் தேய்க்கணும்" என்றேன் மனைவியிடம்.

"எனக்குச் சீட்டைப் பிடிக்கவே தெரியாதேங்க. எல்லாம் அதிர்ஷ்டம்தானே அது?"

"அதிர்ஷ்டமா! முழுக்க முழுக்கத் திறமை. கையில ஒண்ணுமே இல்லாட்டியும், எல்லாம் இருக்கிற மாதிரி பந்தயத்தை ஏத்தணும். எதிராளி பயந்து சீட்டைப் போட்டுட்டுப் போயிடுவான். அதுக்குப் பேரு ப்ளஃப்."

"ஓ, புளுகா?"

"ப்ளஃப்!"

"அதான், நானும் புளுகுன்னுதானே சொன்னேன்."

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் சீட்டுப் போட வந்தார். பந்தயத்துக்கு அவளுடைய தையல் டப்பாவிலிருந்த சட்டைப் பட்டன்கள், ஆளுக்கு முப்பது.

முதல் ஆட்டத்தில் எனக்கு மூன்று ராஜா! முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு ஐந்து பட்டன் வைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நான் வரலைங்க" என்று சீட்டைக் கீழே போட்டாள். மூன்று ராஜாக்கள் படையெடுத்து ஒரு பட்டன்கூடப் பிடிக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் கை முழுக்கக் குப்பை. துணிந்து பத்து பட்டனைத் தள்ளினேன். அவளும் தள்ளினாள். ஒரு ஜோடி மூன்றை வைத்துக்கொண்டு!

"புதுசா ஆடறவங்களுக்கு இப்படித்தான் குருட்டு யோகம் அடிக்கும்" என்று எலக்ட்ரீஷியனுக்கு விளக்கினேன்.

யோகம் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு நல்ல சீட்டு வந்தால் அவள் வரமாட்டாள். குப்பை வந்தால் விடமாட்டாள். கடைசியில் என் முன்னால் ஏழே பட்டன்.

அடுத்து வந்த சீட்டில் பெரியதே எட்டுதான். புத்தகத்தில் சொன்னபடி அலட்சியமாக ஒரு கொட்டாவி விட்டு, ஏழையும் நடுவில் தள்ளினேன்.

"எல்லாமேவா? யோசிச்சுக்கோங்க."

"நீ யோசி. பயமா இருந்தா இப்பவே விலகிடு."

அவளும் ஏழு பட்டன் வைத்தாள். அப்போதுதான் கவனித்தேன். அவளுடைய ஐந்து சீட்டும் போட்டது போட்டபடி கவிழ்ந்தே கிடந்தன. எடுத்துக்கூடப் பார்க்கவில்லை! எலக்ட்ரீஷியன்தான் திருப்பினார். அதுவும் குப்பைதான். ஆனால் அதில் ஓர் ஒன்பது இருந்தது.

"என்ன சார், கரண்ட் அடிச்ச மாதிரி உக்காந்துட்டீங்க?" என்றார் அவர்.

"சீட்டையே பார்க்காம ஒருத்தர் ஜெயிக்கலாமா? இதுல என்னய்யா திறமை இருக்கு? சுத்த அதிர்ஷ்டம்!" என்று கத்தினேன்.

"ஆமாங்க, அதிர்ஷ்டம்தான்" என்றாள் அவள், பட்டன்களை டப்பாவுக்குள் அள்ளிக்கொண்டே. "பொய் சொன்னா காது சிவக்கிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பாரு?"