வாசலில் கட்டிய பச்சை வளையம்

மரியாதைக்குரிய மாமா கரியன் அவர்களுக்கு,

மணலூர்பேட்டையிலிருந்து மருமகன் இளஞ்செழியன் எழுதுவது. உங்களுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். இது வழக்கத்துக்காக எழுதிய வரி அல்ல. கடிதம் முழுவதுமே இந்த ஒரு வரிக்காகத்தான். தயவுசெய்து இரண்டு முறை படிக்கவும்.

எங்கள் வீட்டில் அம்மை இல்லை. இருந்ததும் இல்லை.

உங்கள் மகள் நர்மதா போனில் இதைச் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. "அழகுக்கு எவனாச்சும் வேப்பில கட்டுவானா? நாங்க உள்ள வரக்கூடாதுன்னுதான் கட்டியிருக்கான்" என்றீர்களாம். கட்டினேன். அழகுக்குத்தான். எப்படி நடந்தது என்று எனக்கே இன்னும் முழுதாகப் புரியவில்லை. எழுதினால் புரியலாம்.

உங்களைக் கேட்காமல் நாங்கள் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷம். அதன்பின் முதல் முறையாக நீங்கள் இருவரும் கரியாலூரிலிருந்து இறங்கி வருவதாகச் சொன்னீர்கள். நர்மதா பள்ளிக்கூடப் பயிற்சி என்று கள்ளக்குறிச்சி போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். சுவரைப் பார்த்தேன். சுவரும் என்னைப் பார்த்தது. பெயிண்ட் அடிக்க நேரமில்லை. ஒரு வீடியோவில் ஒரு பெண் சொன்னார்: பெரிதாக எதுவும் வேண்டாம், சின்னச் சின்ன அலங்காரம் போதும், ஒரே ஒரு அழுத்தமான நிறம், வீடே மாறிவிடும் என்று. எது அழுத்தமான நிறம்? யோசித்தேன். மஞ்சள். திருக்கோவிலூர் போய்த் திரைச்சீலை, தலையணை உறை, திண்டு எல்லாம் நல்ல மஞ்சளில் வாங்கினேன். தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும், பறவை வரும் என்றார் அந்தப் பெண். வாய் அகன்ற மண்தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி வெயிலில் வைத்தேன். மேலே பூ மிதக்க வேண்டுமாம். பூ இல்லை. வேப்பிலை இருந்தது. கடைசியாக வாசல். இலைகளை வளையமாகக் கட்டி நிலைப்படிக்கு மேலே மாட்ட வேண்டும். அவர் வைத்திருந்தது ஏதோ வெளிநாட்டு இலை. நம் கொல்லையில் நிற்பது ஒரே மரம்.

வேப்பிலை செருகிய வாசலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, மாமா. ஆனால் அது கொத்து. நான் கட்டியது வளையம். வடிவம் மாறினால் பொருள் மாறும் என்று பல்கலைக்கழகத்தில் படித்திருக்கிறேன். வேப்பிலை அதைப் படிக்கவில்லை. மறுநாள் வெயிலில் இலை வாடி, கட்டிய கம்பி தளர்ந்தது. வளையம் அவிழ்ந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. சரிசெய்யப் போனேன். பிறகு, ஒழுங்கின்மையும் ஓர் அழகுதானே என்று விட்டுவிட்டேன்.

அதிலிருந்து உலகம் விலகியது. பால்காரர் மணி அடிக்காமல் மதில்மேல் பாலை வைத்துவிட்டுப் போனார். மீட்டர் பார்க்க வந்தவர் தெருவிலிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டார். ஏன் என்று தெரியவில்லை. தனிமை பற்றி ஒரு பக்கம் எழுதி வைத்தேன். பின்தெரு கலையரசி அக்கா மட்டும் மகள் சுபஸ்ரீயைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக உள்ளே வந்தார்.

"இன்னா தம்பி, தனியா கெடக்குற? ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொல்ல இன்னாக்கா இருக்கு? எல்லாம் நானே கட்டினதுதான்."

"எங்கூட்லயும் கட்டியிருக்கோம். நமக்குள்ள இன்னா பயம்? இந்தா, மோரு. காரத்த கம்மி பண்ணு."

தெருவுக்கே ரசனை வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். திரைச்சீலைக்கும் காரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மட்டும் விளங்கவில்லை. குழந்தை புதுத் திண்டில் முகம் புதைத்துத் தூங்கியது. கழுத்தில் சின்னச் சின்னக் கொப்புளம். இந்தப் பக்கம் கொசு ஜாஸ்தி.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தீர்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். உங்கள் தோளில் பலாப்பழம். அத்தையின் கையில் கால் கட்டிய சேவல். சட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடி வருவதற்குள் யாரையும் காணோம். கேட்டருகே பலாப்பழம் மட்டும் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பக்கத்தில் ஒரு குலை இளநீர். போன் செய்தேன். அத்தை எடுத்தார். "ஒடம்ப பாத்துக்கோங்க" என்றார். வைத்துவிட்டார். இது கோபமா? கோபித்தவர்கள் கடைத்தெருவுக்குத் திரும்பிப் போய் இளநீர் வாங்கி வந்து வைப்பார்களா? வெட்டிக் குடித்தேன். இனிப்பாக இருந்தது. குழப்பம் கூடியது.

அன்று சாயங்காலம் நர்மதா வந்தாள். கேட்டிலேயே நின்றுவிட்டாள்.

"யாருக்குங்க அம்ம வார்த்திருக்கு? ஒங்களுக்கா?"

"யாருக்கும் இல்ல. இது அலங்காரம்."

அவள் பையைக் கீழே வைத்தாள். வாசலைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"வேப்பில போட்டுத் தண்ணிய வேற வெயில்ல வச்சிருக்கீங்க. தலைக்கு ஊத்த ஆளுதான் கம்மி. எங்கம்மா கோழிய தூக்கிக்கினு அம்ம வார்த்த வூட்டுக்குள்ள வருவாங்களா? சொல்லிக்காம திரும்பறதுதான் மொற. அதான் போயிட்டாங்க."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகைக்காகத்தான் எழுதுகிறேன். வேப்பிலையை அவிழ்த்துவிட்டேன். தொட்டியைக் கவிழ்த்துவிட்டேன். வாசலில் இப்போது ஒன்றுமே இல்லை. வெறும் வாசல். வைகாசி பிறந்ததும் இருவரும் வாருங்கள். சேவலோடு வாருங்கள். நான் முட்டாளாக இருக்கலாம். உங்களைத் தடுக்கிறவன் இல்லை.

உங்களுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன். மலையில் மழை பெய்து சாமை நன்றாக விளையட்டும். சேவலையும் விசாரித்ததாகச் சொல்லவும், அது இன்னும் இருந்தால்.

தங்கள் மருமகன்,
இளஞ்செழியன்

பின்குறிப்பு: எந்த வரி உங்களைப் புண்படுத்துமோ என்று யோசித்து யோசித்து இதை இரண்டு வாரத்துக்கு மேல் அனுப்பாமல் வைத்திருந்தேன். இப்போது முதல் பத்தியில் 'எல்லோரும் நலம்' என்பதை அடித்துவிடவும். எனக்கு அம்மை வார்த்திருக்கிறது. முதுகெல்லாம். சுபஸ்ரீ தூங்கிய திண்டில்தான் நானும் தினமும் தலை வைத்துப் படுத்தேன். நர்மதா வேப்பிலை கட்டினாள். கொத்தாக. சரியாக இருந்தது.

நர்மதா போனில் சொன்னதும் அத்தை முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். நீங்கள் தோட்டத்துக்குப் போன நேரத்தில் கிளம்பினாராம். சேவல் இல்லை. யாரும் அழைக்கவில்லை. நேராகப் படியேறி உள்ளே வந்தார். மஞ்சள் திரையை அவிழ்த்து எனக்குப் போர்த்தினார். தொட்டியை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்தார். தலைக்கு ஊற்றும்வரை இங்கேதான் இருப்பாராம். "எல்லாத்தையும் முன்னாடியே வாங்கி வச்சிருக்கீங்களே மாப்ள. இத்தப் போயி ஒங்க மாமா தப்பா பேசிக்கினு இருக்காரு" என்றார்.

உங்களை வரச் சொல்லி எழுதலாமா என்று கேட்டேன். இந்த வீட்டிலிருந்து இப்போது யாரையும் வா என்று அழைக்கக் கூடாதாம். போய் வருகிறேன் என்று விடைபெறவும் கூடாதாம். ஆகவே இரண்டையும் எழுதவில்லை. அத்தை உங்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்திருக்கிறார்.