ஐஸ்பெட்டிக்குக் குங்குமம் வைத்த நாள்

பாகூர்,
18-7-1985

மரியாதைக்குரிய அண்ணன் பக்கிரிசாமி அவர்களுக்கு, தம்பி தணிகைவேல் கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நான், சின்னபொண்ணு, குழந்தை ஜெயமணி மூவரும் சுகம். சோடாக்கடை ஐஸ்பெட்டியும் சுகம். அரியூரில் தாங்களும் அண்ணியும் மணவாளனும் கரும்புக்கொல்லையும் சுகமென்று நம்புகிறேன். நிற்க.

நேற்றுக் காலை பத்து மணிக்கு நர்சு ருக்குமணியம்மா தோளில் ஒரு பெட்டியோடு வேர்த்து விறுவிறுத்துக் கடைக்குள் வந்தார்கள். ஜீப் வழியிலேயே படுத்துவிட்டதாம், பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டிருந்ததாம். பள்ளிக்கூடம் சேரப்போகிற பிள்ளைகளுக்கு மூன்று மணிக்கு ஊசி. அதுவரை மருந்தை நம் ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டுமாம். கலர் பாட்டில்களை ஒதுக்கி இடம் செய்தேன். அவர்கள் எடுத்து வைத்தது என் சுண்டுவிரல் உசரத்துக் கண்ணாடிப் புட்டிங்க அண்ணே, ஏழோ எட்டோதான். "இதுல இன்னாம்மா இருக்குது?"ன்னேன். "தொண்டை அடைப்பானுக்கும் ரணஜன்னிக்கும் சேர்த்து ஒரே ஊசி. இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்து. கைக்குழந்தையில போட்டதோட பலம் கொறைஞ்சிடும், அதான் இப்ப இன்னொரு தடவை"ன்னாங்க. உள்ள ஒரு தெர்மாமீட்டரையும் வச்சி, "கதவ மட்டும் தொறந்துடாதீங்க"ன்னுட்டுப் போய்ட்டாங்க.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. ஊர்ப் புள்ளைங்க உசுரு மொத்தமும் நம்ம கடையில குந்திக்கினு இருக்குது! கதவுக்கு முட்டுக்குடுத்து முக்காலியைப் போட்டு நானும் குந்திட்டேன். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தா வந்து ஜில்லுன்னு கலர் கேட்டாரு. "இன்னிக்கி கலர் இல்ல, சார். உள்ள மருந்து இருக்குது"ன்னேன். வெயில்ல கடுப்பா வந்த மனுசன் அதக் கேட்டதும் செருப்பை வாசல்ல கழட்டிட்டு உள்ள வந்து, சுடச்சுட ஒரு கோலி சோடாவ மறுபேச்சில்லாம குடிச்சிட்டுப் போனாரு. அவரு கழட்டினதப் பார்த்து எல்லாரும் கழட்டினாங்க. சின்னபொண்ணு குளிச்சிட்டு வந்து ஐஸ்பெட்டிக்குக் குங்குமம் வச்சா. ஒரு அம்மா அதச் சுத்தி வரப் பார்த்துச்சு, பின்பக்கம் செவுரு இருந்ததால திரும்பிடுச்சு.

பன்னெண்டு மணிக்குக் கரண்ட் போச்சு, அண்ணே. என் உசுரும் கூடவே போச்சு. கோணிப்பை, ஜமுக்காளம், நம்ம ஜெயமணியோட பாவாடை, கைக்குக் கெடைச்சதெல்லாம் சுத்தினேன். குச்சி ஐஸ்காரரை மடக்கி, இருந்த ஐஸ் பூரா வாங்கி ஐஸ்பெட்டி தலைமேல கொட்டினேன். தெருப் புள்ளைங்கல்லாம் அழுவுது, தண்ணி ஒழுகி சீயக்காய் மூட்டை நனையுது, நான் முக்காலிய விட்டு எழுந்திரிக்கல. மூணு மணிக்கு நர்சம்மா வந்து பார்த்துட்டு, "தலையில ஐஸ் வச்சா உள்ள இருக்கிறதுக்கு இன்னா ஆவப்போவுது?"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் கதவத் தொறந்து தெர்மாமீட்டரைப் பார்த்தாங்க. நான் கண்ண மூடிக்கினேன். "நல்லாத்தான் இருக்குது. கதவத் தொறக்காம காப்பாத்தினீங்களே, அதான் காரியம்"ன்னாங்க.

முதல் ஊசி நம்ம ஜெயமணிக்கு. என் மடியில குந்தி, ஊசியையே பார்த்துக்கினு இருந்தா. ஒரு 'உஸ்', அவ்ளோதான். "முடிஞ்சிடுச்சாப்பா?"ன்னா. நம்ம தங்கச்சி உமையாளுக்கும் அப்ப இதே அஞ்சு வயசுதானே, அண்ணே? தொண்டை அடைச்சி, தண்ணிகூட எறங்காம கெடந்தாளே. புதுச்சேரி ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டியில நீங்கதானே மடியில போட்டுக்கினு போனீங்க. அங்க ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல அவ போய்ட்டா. அன்னிலேருந்து ஊசின்னாலே உங்களுக்கு ஆவாது. இத நர்சம்மாகிட்ட சொன்னேன். "ஊசியால போவலீங்க. ஊசி வந்து சேர்றதுக்குள்ள நோய் முத்திப்போச்சு. இப்ப நோய்க்கு முன்னாடியே ஊசி வந்துடுது"ன்னாங்க. நம்ம தங்கச்சியக் கொண்டுபோன அம்மாம்பெரிய நோயை ஒரு சுண்டுவிரல் புட்டி வாசல்லியே நிறுத்திடுது. நெனைக்க நெனைக்க மலைப்பா இருக்குது.

ஆகையால், கால்ல வுழுந்து கேக்கிறேன், வர திங்கக்கிழமை நர்சம்மா மறுபடியும் ஊசி போட வராங்க, மணவாளனைக் கூட்டிக்கினு வாங்க. என் புள்ளைய வேப்பிலை காப்பாத்தும்னு இனிமே சொல்லாதீங்க. நீங்க வரலேன்னா நானே வந்து அவனத் தூக்கிக்கினு வந்துடுவேன். தம்பின்னும் பார்க்காம அடிச்சாலும் சரி.

அண்ணிக்கு என் வணக்கம். மணவாளனுக்கு முத்தம். கொல்லைக்கு நல்ல மழையும் வீட்டுக்கு நோயற்ற வாழ்வும் கிட்ட வில்லியனூர் அம்மன் துணை.

தங்கள் தம்பி,
தணிகைவேல்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் அண்ணி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார்கள். போன வாரமே அரியூரில் மணவாளனுக்கு ஊசி போட்டாச்சாமே! யாருக்கும் தெரியக்கூடாதுன்னு விடியக்காலையிலேயே போயி வரிசையில மொத ஆளா நின்னீங்களாமே! பையன் சிரிச்சிக்கினே இருந்தானாம், நீங்கதான் தேம்பித் தேம்பி அழுது, அந்த ஊரு நர்சம்மா உங்களுக்குத் தண்ணி குடுத்தாங்களாமே. ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். சுகம் விசாரித்தது மட்டும் நிற்கட்டும்.