பூதங்களுக்கு ஒயின் ஊற்றிய படம்

அன்பு மருமகன் லூபனுக்கு,

ஊரிலிருந்து உன் மாமா ஸப்ரியான் எழுதுவது. இங்கு நானும் உன் அத்தையும் ஆடுகளும் நலம். ப்ளோவ்திவ் நகரத்தில் நீயும் உன் பேனாவும் நலமாகத்தான் இருக்கிறீர்கள் என்பது ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைப் பார்த்ததும் தெரிந்தது.

நான் எடுத்த சினிமாப் படத்தைப் பற்றி நீ எழுதிய விமர்சனத்தை நான்கு முறை படித்தேன். பறக்கும் நாகம் வைக்கோல் அள்ளும் வண்டியில் தொங்குவது தெரிகிறதாம். தெரியட்டுமே. அது யார் வண்டி என்பதுகூட ஊருக்குத் தெரியும். நாகம் வந்ததும் வண்டிக்காரன் பெயரைச் சொல்லிக் கைதட்டுகிறார்கள், உங்கள் பட்டணத்து நாகத்துக்கு அப்படி யார் தட்டுகிறார்கள்? அடுத்து, உலகத்தை அழிக்க வந்த பூதங்களைப் பார்த்து ஒருவரும் பயப்படவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ இந்த ஊரில் பிறந்தவன்தானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. வேஷத்துக்குத் துணி வாங்க வழியில்லாமல், குளிர்கால குக்கேரி ஆட்டத்துக்குப் போடும் ஆட்டுத்தோலையும் முகமூடியையும் மணிகளையும் எடுத்து நம் ஆட்களுக்கு மாட்டினேன். ஊர் அலறி ஓட வேண்டும், அதுதான் காட்சி. மணிச் சத்தம் கேட்டதும் கதவெல்லாம் திறந்தது. மணி கட்டியவன் வாசலுக்கு வந்தால் வீட்டுப் பீடை போகும் என்று பிறந்ததிலிருந்து நம்புகிறவர்கள், ஒயின் ஜாடியும் சுடச்சுட பனித்ஸா அப்பமுமாக வந்து நின்றார்கள். ஓடுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஸ்தாமேனா பெரியம்மா என்னைத்தான் முறைத்தாள்.

"வாசலுக்கு வந்தவனுக்கு ஊத்தாம ஓடச் சொல்றியே, நீயெல்லாம் மனுசனாடா?"

மறுபடி எடுத்தேன். இந்த முறை பூதங்களே கதவருகே போய்க் கையை நீட்டின. மூன்றாவது முறை பூதராஜாவால் நிற்கவே முடியவில்லை. சரி, போங்கடா என்று கதையையே மாற்றினேன்: பூதங்கள் உலகத்தை அழிக்க வந்தன, சாப்பிட்டன, வந்த வேலையை மறந்தன.

இதற்குத்தான் ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. புருஷன் போனதிலிருந்து வெளியே வராத த்ரெந்தஃபிலா மூன்று முறை பார்த்தாள். மூன்றாவது முறை சொந்தத் தலையணையோடு வந்து உட்கார்ந்தாள். அவள் சிரித்ததைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது, இதையும் எழுதிக்கொள். ஆனால் நீ என்ன எழுதினாய்? பூதராஜாவாக வந்தவர் இனி எந்தத் திரையிலும் தலைகாட்டாமல் இருப்பது நல்லது என்று எழுதினாய். பேப்பரில் இப்படி வந்த படத்தைப் போட்டால் ஊர் மன்றத்துக்குக் கேவலம், சனிக்கிழமைக் காட்சிக்கு அரங்கச் சாவி கிடையாது என்று மன்றக் கமிட்டி சொல்லிவிட்டது. ஆகவே சனிக்கிழமைக்குள் மறுப்பு எழுது. எழுதாவிட்டால் உனக்கும் எனக்கும் உறவு இல்லை. மாட்டுக் கொட்டகைச் சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டியாவது படத்தைக் காட்டுவேன். உனக்கு மட்டும் அங்கே இடம் கிடையாது.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். நல்ல புத்தியோடு நீண்ட நாள் வாழ்க.

உன் தாய்மாமன்,
ஸப்ரியான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அப்பா வந்தார். பூதராஜா அவர்தான், தெரிந்தால் உனக்கு மனசு கஷ்டப்படும், சொல்லாதே என்றிருந்தார். நீ எழுதியதை வெட்டிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். இன்று ஆட்டுத்தோலோடு கமிட்டிக்குப் போய் அந்த வரியைத் தானே உரக்க வாசித்திருக்கிறார். "எம் பையன் என்னைப் பத்தி எழுதின மொத வரி இதுதான்," என்றாராம். சிரித்துச் சிரித்துச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். மறுப்பு எழுதித் தொலைத்துவிடாதே. சனிக்கிழமை வா. தன் பக்கத்து நாற்காலியில் உனக்காகத் தொப்பியைப் போட்டு வைக்கப்போவதாகச் சொல்கிறார்.