வால்வே இல்லாத இன்ஜினுக்கு வைத்தியம்

கூச்சப்படுகிறவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள், அதனால் அவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. கூச்சப்படுகிறவன் தலையாட்டுவான். "தெரியுமா?" என்று கேட்டால், "தெரியாது" என்று சொல்ல வாய் வேண்டும். ஆமாம் போடக் கழுத்து போதும். அப்படிக் கழுத்தை ஆட்டியே நான் ஒரு மனிதரை மலையிலிருந்து உருட்டிவிடப் பார்த்தேன். அதே வண்டியில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்பது கூடுதல் விசேஷம்.

ஜமுனாமரத்தூரில் எனக்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருக்கிறது. பக்கத்திலேயே என் மனைவி செல்வியின் டீக்கடை. ஐந்தாவதோடு என் படிப்பு நின்றது. (ஆறாவதில் முதல் நாள் எழுந்து நின்று பெயரைச் சொல்லச் சொன்னார்கள். மறுநாள் நான் போகவில்லை.) ஷெட்டில் நான் பெருமைப்படுகிற ஒரே சாமான் வேக்கம் மீட்டர். ஓடுகிற இன்ஜின் எவ்வளவு பலமாகக் காற்றை உறிஞ்சுகிறது என்று அதன் ஊசி காட்டும். எங்கள் மலை உயரத்தில் ஊசி பதினாறு, பதினேழில் ஆடாமல் நின்றால் இன்ஜின் ஆரோக்கியம். கீழே இறங்கி நடுங்கினால் பெரும்பாலும் வால்வில் கோளாறு. வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு அந்த மீட்டரைப் பிடிப்பேன். (கண்ணை மூடினால் ஊசி தெரியாது என்று செல்வி சொல்வாள்.)

ஒரு சந்தை நாள் மத்தியானம், தரையோடு தரையாக ஒரு பழைய ஜப்பான் கார் ஷெட்டுக்குள் நுழைந்தது. ஓட்டிவந்தவர் கார்த்திக் என்று ஒரு பெங்களூர்க்காரர், முப்பது வயதிருக்கும். வண்டி வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நின்ற இடத்தில் இன்ஜின் "டப டப, டப் டப டப" என்று சாகப்போகிறவன் மூச்சுவிடுவதுபோல் அடித்தது.

"ஐட்லிங் பாருங்கண்ணா, பயமா இருக்கு. இதோட மலை இறங்கலாமா? ரோட்டரி இன்ஜின், பாத்திருக்கீங்களா?"

நான் தலையாட்டினேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த செல்வி அங்கிருந்தே கேட்டாள். "நீ இன்னாத்த பாத்த?"

அவளுக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டு பானெட்டைத் திறந்தேன். உள்ளே எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அடுப்படியில் வைக்கும் பானை அளவில் ஏதோ இருந்தது, அதுதான் இன்ஜினாம். பிரேக்கை லேசாக மிதிக்கவைக்கிற பூஸ்டருக்குப் போகும் தடித்த ரப்பர் ஓஸை மட்டும் அடையாளம் கண்டுகொண்டேன். அதன் கிளிப்பைக் கழற்றி, ஓஸை உருவி, அந்த வாயில் மீட்டரைச் செருகினேன். ஊசி பதினொன்றில் நின்று நடுங்கியது. வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வால்வு போச்சுங்க" என்றேன். "ஒண்ணு எரிஞ்சி போயிருக்கும்."

கார்த்திக் என்னையே பார்த்தார். "அண்ணா, ரோட்டரியில வால்வே கிடையாது. பிஸ்டனும் கிடையாது. முக்கோணமா ஒரு இரும்பு உள்ள சுத்தும், அவ்வளவுதான்."

டீக்கடையில் ஒரு தம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. செல்விதான். சிரிப்பை அடக்கும்போது அவளுக்குக் கை நிற்காது.

கார்த்திக் அந்த இன்ஜினைக் கட்டிய நண்பருக்கு போன் போட்டு, ஊசிக் கணக்கைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தார். நண்பர் நிதானமாகக் கேட்டார். "மீட்டர் பிடிச்சவரக் கேளு. ஊசி ஒரே தாளத்துல வெட்டுதா, இல்ல சும்மா நடுங்குதா? சைலன்சர்கிட்ட கைய வெச்சா, காத்து விட்டு விட்டு ஒண்ணு கம்மியா வருதா?"

கையை வைத்துப் பார்த்தேன். வெட்டவில்லை. காற்றும் குறையவில்லை.

"அப்ப முக்கோணத்தோட மூணு மூலையில இருக்கற சீல் எல்லாம் நல்லா இருக்கு. காத்து வழிய அகலப்படுத்தின இன்ஜின் அது, ஐட்லிங் அப்படித்தான் குதிக்கும். மலை மேல பதினொண்ணு நல்ல கணக்குதான். தாராளமா இறங்கு."

எனக்குக் காது இரண்டும் எரிந்தது. அந்த வண்டி என் கண் முன்னாலிருந்து போனால் போதும் என்று இருந்தது. மீட்டரைப் பிடுங்கி, ஓஸைச் செருகி, பானெட்டை மூடினேன்.

"எனக்கென்னவோ இன்னும் பயமாத்தான் இருக்கு. கீழ போளூர் வரைக்கும் கூட வர்றீங்களாண்ணா?"

என்ன செய்தேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் இரண்டு வளைவுகள் நன்றாகவே போயின. மூன்றாவதற்கு முன்னால் பானெட்டுக்குள்ளிருந்து "உஸ்ஸ்" என்று ஒரு சத்தம். கார்த்திக் ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமலே இன்ஜின் உறுமியது. அன்றைக்கு முதல்முறையாக எனக்கு நோய் சரியாகத் தெரிந்தது. ஓஸ் கழன்றுவிட்டது. கிளிப் மாட்டினேனா? சட்டைப் பையைத் தொட்டேன். கிளிப் அங்கே இருந்தது.

ஓஸ் இல்லாவிட்டால் பூஸ்டருக்கு உறிஞ்சல் இல்லை. தேங்கியிருப்பது இரண்டு மிதிக்கு வரும். மூன்றாவது மிதியில் பெடல் கல்லாகிவிடும். சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவர் ஒருமுறை மிதித்தார். இன்னொரு முறை மிதித்தார்.

"அண்ணா! பிரேக் கல்லு மாதிரி இருக்கு!"

அப்போதும் தலையாட்டினேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் ஆட்டினேன்.

"கியரக் கொறங்க" என்றேன் முனகலாக.

"கொறைச்சிட்டேன்! இந்த இன்ஜின் எறக்கத்துல பிடிக்காது!"

இடது பக்கம் பள்ளம். புளியமரங்களின் உச்சி என் முழங்கால் மட்டத்தில் தெரிந்தது. மரத்தை அந்த மாதிரி மேலிருந்து பார்ப்பது மனிதனுக்கு ஏற்பட்டதல்ல. எதிரே போளூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறிவந்தது. அங்கேதான் என் வாய் திறந்தது. நாற்பத்தாறு வருஷம் சேர்த்துவைத்த குரல் மொத்தமும் ஒரேயடியாக வந்தது.

"ரெண்டு காலாலயும் மிதிய்யா! மலப்பக்கம் ஓட்றா!"

கை பிரேக்கை நான் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். வண்டி மண்சுவரில் உரசிக்கொண்டே போய், ஓடைக்குள் ஒரு சக்கரத்தை விட்டு நின்றது. பஸ்ஸும் நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, கார் சவாரியா?"

கார்த்திக் இறங்கிச் சாலையோரம் உட்கார்ந்தார். "இன்ஜின் போச்சு, அவன் பொய் சொல்லிட்டான்" என்று சொல்லிக்கொண்டே, இன்ஜின் கட்டிய நண்பருக்கு போன் போடப் போனார். நான் சும்மா இருந்திருந்தால் பழி அந்த நண்பர்மேல் விழுந்திருக்கும். பானெட்டைத் திறந்து ஓஸைச் செருகிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டுக்கும் வாய் வேண்டாம், கழுத்து போதும்.

"இன்ஜின் நல்லா கீதுங்க" என்றேன். "நான்தான் கிளிப்பு மாட்டல. இந்த இன்ஜினப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க." கிளிப்பை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "'ஓட்றா'ன்னு கத்துனீங்களே," என்றார் கடைசியாக, "அதுல பாதி சத்தத்துல இத ஷெட்டுலயே சொல்லியிருக்கலாம்ல?"

பஸ்ஸிலிருந்தவர்கள் வண்டியை ஓடையிலிருந்து தூக்கிவிட்டார்கள். திருப்புளி இல்லை. கண்டக்டர் கொடுத்த ஒரு ரூபாய்க் காசால் கிளிப்பை முறுக்கினேன். போளூர் வரை மாட்டுவண்டி வேகத்தில் போனோம். நான் பஸ் பிடித்துத் திரும்புவதற்குள் கதை சந்தை முழுவதும் சுற்றி, டீக்கடைக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து நான் தலையாட்டுவதில்லை. யார் எதைக் கேட்டாலும் முதல் பதில் "தெரியாதுங்க". அதில் ஒரு சின்னச் சிக்கல். என் மகளைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா, "பொண்ணு இன்னா படிச்சிருக்குதுங்க?" என்று கேட்டார். பயத்தில் எனக்கு அதே பதில்தான் வந்தது. செல்வி உள்ளேயிருந்து ஓடிவந்து காப்பாற்றினாள்.

இப்போது மாப்பிள்ளை வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே கேட்கிறார். "மாமா, நல்லா கீறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொல்லிவிடுகிறாள். "அவருக்குத் தெரியாது. நீ உள்ள வா."