பாதாம் பருப்பளவு பயம்

ஏழு கடல் தாண்டியெல்லாம் போக வேண்டாம். கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது சாந்தபுரி. அங்கே மன்னரும் தேர்தலில் நின்றுதான் அரியணை ஏறுவார். எதிர்த்து நிற்க யாருக்கும் துணிச்சல் கிடையாது என்பதால் தேர்தல் வெகு அமைதியாக நடக்கும்.

அந்நாட்டு நிம்மதித் துறை அமைச்சர் மாசிலாமணியாருக்கு ஒரே மகள், செந்திரு. பெரிய ஏரிக்கரைக்குக் கீழே, கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரு நாள் கைக்குழந்தையோடு வந்து நின்றாள்.

"அப்பா, போன மழைக்குக் கரை விரிசல்ல விரல்தான் நுழைஞ்சுது. இப்பக் கையே நுழையுது. புள்ளையப் பக்கத்துல போட்டுக்கிட்டுக் கண்ண மூட முடியல. ராஜாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா."

கரைக்கென்று வெட்டிய கல்லெல்லாம் மன்னர் சிலைக்குப் பீடமாகிப்போன கதை அமைச்சருக்குத் தெரியும். சபையில் கல் என்ற பேச்சை எடுத்தால் தலை தங்காது. எனவே கல்லை விட்டுவிட்டு மீதியைச் சொன்னார்.

"மாமன்னரே, கீழத்தெரு மக்கள் பயப்படுகிறார்கள்."

"பயம் எங்கே உற்பத்தியாகிறது?" என்று மன்னர் கேட்டார்.

அரண்மனை வைத்தியர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "மூளைக்குள், மாமன்னரே. பாதாம் பருப்பளவில் ஒரு பகுதி இருக்கிறது. அது துடித்தால் மனிதன் நடுங்குவான்."

"அப்படியானால் கோளாறு ஏரியில் இல்லை, மக்களின் தலையில் இருக்கிறது. அதைப் பழுது பாருங்கள்."

சபை கைதட்டியது. மாசிலாமணியார் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே தட்டினார்.

குடிமக்கள் அனைவரும், கைக்குழந்தைகள் உட்பட, விளக்குத் தொப்பி அணிய வேண்டும் என்று ஆணை பிறந்தது. பருப்பு துடித்தால் விளக்கு சிவக்கும், மற்ற நேரமெல்லாம் பச்சையாகவே எரியும். சிவந்தவர்களுக்குச் சவுக்கடி. சவுக்கை நினைத்த மாத்திரத்தில் ஊரே சிவந்தது. யாரை முதலில் அடிப்பது என்று தெரியாமல் விழித்த வீரர்களின் தொப்பிகளும் சிவந்தன.

அடுத்து சாந்தக் கஷாயம் வந்தது. ஒரு குவளை குடித்தால் பருப்பு தூங்கிவிடும். பலர் குடிக்க மறுத்தார்கள், அவர்களில் செந்திருவும் ஒருத்தி. "அமைச்சர் வீட்டிலேயே சிவப்பா?" என்று மன்னர் புருவத்தை உயர்த்தியதும், மாசிலாமணியார் தாமே செம்பைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்கு ஓடினார்.

"இதக் குடிச்சா கரை விரிசல் அடைஞ்சிடுமாப்பா?"

"குடிம்மா. உன் தொப்பியால என் பதவிக்கே ஆபத்து."

அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் குடித்தாள், குழந்தைக்கும் ஒரு சங்கு புகட்டினாள். இரண்டு தொப்பிகளும் பச்சையாயின. அன்று அமைச்சர் நன்றாகச் சாப்பிட்டார்.

நாடே பச்சையானது. ஒரே ஒரு சங்கடம், மன்னர் தெருவில் வந்தால் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு கிழவர் பல்லக்கை மறித்து, "யாருப்பா நீ, வழிய அடைச்சுக்கிட்டு?" என்று கேட்டேவிட்டார்.

"ஏரிப் பயம் போகட்டும். என் மீதுள்ள பயம் மட்டும் இருக்கட்டும்" என்றார் மன்னர்.

"இரண்டுக்கும் ஒரே பருப்புதான், மாமன்னரே" என்றார் வைத்தியர்.

ஆகவே அதிகாரிகள் மட்டும் கஷாயம் குடிக்கக் கூடாதென்று புது ஆணை வந்தது. அவர்களாவது பயப்பட வேண்டும் அல்லவா? சபையில் அன்று முதல் சிவப்பு விளக்கே மரியாதை.

மழை பகலை இருட்டாக்கிய ஒரு நாள் கரை உடைந்தது. எச்சரிக்கை முரசு அதிர்ந்தது. கீழத்தெருவில் யாரும் அசையவில்லை. தண்ணீர் வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும், ஓடத்தான் தோன்றவில்லை. மாசிலாமணியாரின் கால்கள் மகளிடம் ஓடத் துடித்தன. ஆனால் மன்னர் உரையாற்றிக்கொண்டிருந்தார். உரையின் நடுவே எழுந்தவர் எவரும் தலையோடு வீடு திரும்பியதில்லை. உரை முடியும்வரை அமைச்சர் உட்கார்ந்திருந்தார்.

பிறகு எல்லாரும் மாடத்துக்கு வந்தார்கள். வெள்ளத்தில் நூற்றுக்கணக்கான பச்சை விளக்குகள் மிதந்து போயின.

"ஒரு சிவப்பாவது உண்டா பாரும். இத்தனை வெள்ளத்திலும் என் மக்களுக்கு என்ன நிம்மதி" என்று மன்னர் பூரித்தார்.

சிரட்டை அளவில் ஒரு சின்னத் தொப்பி மிதந்து வந்தது. பேரனுக்கென்று அமைச்சரே அளவு கொடுத்துச் செய்வித்தது. அவர் தலையில் விளக்கு செக்கச் செவேலென்று எரிந்தது.

"சபையில் சிவப்பு சரி, நல்ல நாளில் இதென்ன சிவப்பு? இவருக்கு ஒரு குவளை கொடுங்கள்" என்றார் மன்னர்.

குடித்தார். பயம் போயிற்று. துக்கத்துக்கு வேறு இடம் போலும், அது அப்படியே இருந்தது. கண்ணீர் வழிய, சிலையின் பீடத்தைக் காட்டி, மாடமே அதிரச் சொன்னார்:

"அந்தக் கல்லெல்லாம் ஏரிக்கரையுடையது. என் மகளையும் பேரனையும் நீர் கொன்றீர். செம்பைத் தூக்கிக்கொண்டு போனவன் நான்."

மன்னர் மக்களின் வாயைக் கவனிப்பதை விட்டு நெடுநாளாகியிருந்தது. தொப்பியைப் பார்த்தார், பச்சை. கன்னத்தைப் பார்த்தார், ஈரம்.

"ஆனந்தக் கண்ணீர்" என்று எழுத்தரிடம் சொன்னார். "குறித்துக்கொள்ளும். தேர்தலை நாளைக்கே வைத்துவிடலாம்."